அறுபது ஜிபி மூட்டை

ஒரு முழுக் கம்ப்யூட்டரையே சுருட்டி ஒற்றை ஃபைலாக்கி, கிளவுட் கிடங்கில் போட்டிருந்தார்கள். அன்று மாலை கிடங்கைக் காலி செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஃபைல் பதறிப்போய், கட்டளை வாங்கும் கறுப்புத் திரையிடம் ஓடியது.

"அண்ணே, என்னைப் புது சர்வர்ல இறக்கிவிடுங்க."

"பேரு, இருக்கிற இடம், போற இடம் சொல்லு," என்றது திரை. ஓர் எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து கேட்கிற ஜென்மம் அது. மூன்றாவது தடவைதான் ஃபைல் சரியாகச் சொன்னது.

"நீ அறுபது ஜிபி இருக்கே. அங்க நாற்பதுக்குத்தான் இடம். இருபதைக் கழிச்சிட்டு வா."

ஃபைல் தனக்குள்ளேயே உருட்டிப் பார்த்தது. ஒரே கல்யாண வீடியோவின் ஏழு நகல்கள், 'புது ஃபோல்டர்', 'புது ஃபோல்டர் 2', 'கடைசி', 'நிஜமாகவே கடைசி'. ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்கலங்கிவிட்டுத் திரும்ப வைத்தது. ஒருவழியாக, சரியாக நாற்பது ஜிபியாக வந்து நின்றது.

திரை அதைப் புது சர்வரில் இறக்கிவிட்டு, "கம்ப்யூட்டரா எழுந்திரு," என்று கட்டளையிட்டது. ஃபைல் அசையவில்லை. மறுபடி கட்டளையிட்டது. ம்ஹூம்.

"டேய், எதைடா கழிச்ச?"

படுத்தபடியே ஃபைல் சொன்னது: "சிஸ்டம்னு ஒரு ஃபோல்டர் சும்மா கிடந்துச்சுண்ணே. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அதைத் திறந்து பார்த்ததில்ல."