போலி ஆட்டுக்குட்டி

போப்பாண்டவர் கிறிஸ்தவ அருங்காட்சியகம் திறந்ததும், ரோமாபுரியின் பெரிய மனுஷர்களுக்கெல்லாம் திடீர் பக்தி பொங்கியது.

"ஒனோரியோ, எங்க தோட்டத்துக் கிரேக்க சாமி அப்பல்லோ தோள்ல ஒரு ஆட்டுக்குட்டிய ஒட்டிடுய்யா. ஆதிக் கிறிஸ்தவங்க கல்லறையில கிடைச்ச, ஆடு சுமக்கிற நல்ல மேய்ப்பன் ஏசுன்னு சொல்லிக் காணிக்கையாக் குடுத்துடறேன்," என்றார் கர்தினால் வெர்தோனி.

உடைந்த சிலைகளை ஒட்டிப் பிழைக்கிறவன் நான். பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல் ஆட்டை எடுத்து ஒட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அருங்காட்சியகப் பண்டிதர் நகத்தால் சுரண்டினார். "சிலை அசல் அப்பல்லோ. ஆடுதான் போலி. அறுத்து எறிங்க!"

"அடப்பாவி, என்னையே ஏமாத்திட்டியே!" என்று கர்தினால் என்மேல் பாய்ந்தார்.

அந்த ஆட்டை இரண்டாம் முறையாக அறுத்தேன்.

முதல் முறை அறுத்தது, கிரேக்க சாமிகளுக்கே கிராக்கி இருந்த நாளில், கல்லறையிலிருந்து வந்த நிஜ மேய்ப்பனை அப்பல்லோ என்று இதே கர்தினாலுக்கு விற்றபோது.