வலப்பக்கம் போகும் பேனா

தொலைக்காட்சியில் கால்பந்து அலசல் நிகழ்ச்சி முடிந்து விளக்குகள் அணைந்தும் தொகுப்பாளர் பரிதி நாற்காலியை விட்டு எழவில்லை. மதியம் ஒரு கால்பந்துக் கிளப்பிலிருந்து அவரைப் போனில் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒபின்னாவைக் கோச்சாப் போடலாமா சார்? கறுப்பங்க நல்லா ஓடுவாங்க, தெரியும். திட்டம் போடுவாரா?"

"நல்ல மனுஷன். ஆனா அவர் திரையில வியூகம் வரைஞ்சு நான் பார்த்ததில்லையே."

பரிதி உண்மையைத்தான் சொன்னார். அவர்களும் வேறு ஆளைத் தேடப் போய்விட்டார்கள்.

நைஜீரியாவிலிருந்து ஆட வந்து சென்னையிலேயே தங்கிவிட்ட ஒபின்னா, பல வருடங்களாகப் நிகழ்ச்சியில் பரிதிக்கு இடப்பக்கம் அமர்ந்து ஆட்டங்களை அலசுகிறவர். வேகம், உடல்வலு என்றால் கேள்வி அவருக்கு. வியூகம் என்றால் திரையில் வரையும் பேனா வலப்பக்கம் போகும். வலப்பக்கத்து ஆள் வாராவாரம் மாறுவார். இன்றைய நிகழ்ச்சியிலும் பேனாவோடு கை தானாக அங்கேதான் நீண்டது. அப்போதுதான் பரிதி தன் கையைப் பார்த்தார்.

"என்ன பாஸ், சீட்டுல பசை தடவிட்டாங்களா?" என்று சிரித்தபடி ஒபின்னா பையை மாட்டினார்.

பரிதி பேனாவை அவரிடம் நீட்டினார். "இன்னைக்குப் பேசின மேட்ச்ல அந்த ரெண்டாவது கோலை எப்படித் தடுத்திருக்கலாம்?"

ஒபின்னா பையை இறக்கி வைத்தார். அணைந்திருந்த திரையில் விறுவிறுவென்று வரையத் தொடங்கினார். ஒரு கோடும் தெரியவில்லை. அவர் கை போகும் வழியைப் பார்த்துப் பரிதி தலையாட்டிக்கொண்டே நின்றார்.