பதினாலாம் படுக்கையின் இரண்டு மணி

மறுநாள் ஆடிட். பதினாலாம் படுக்கையில் இருந்த பிச்சையாவை நர்ஸ் நாலு மணி நேரத்துக்கொரு முறை கவனித்ததாகப் பில் போட்டிருந்தது. சார்ட்டிலோ போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெறுமையாகக் கிடந்தது. “பில்லுல இருக்கறது சார்ட்லயும் இருக்கணும்மா. நிரப்பிடுங்க” என்று மேலாளர் ஷிஃப்டுக்கு ஒரு நிறமாக மூன்று பேனாக்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பில்லிங் கவுண்டர் ஜெபராணி நீலப் பேனாவை எடுத்தாள். காலை ஆறு மணி: காய்ச்சல் இல்லை. பத்து மணி: இரண்டு இட்லி சாப்பிட்டார், போர்வை மாற்றப்பட்டது. எழுத எழுத அவளே பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது போலிருந்தது. தலையணையைக்கூட உயர்த்தி வைத்தாள்.

இரண்டு மணிக்குக் கறுப்புப் பேனா. அது எழுதாமல் நின்றது. அடுத்த பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து: மூன்றரைக்கு இறந்தார்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு அவர் மனைவி இந்தக் கவுண்டருக்குத்தான் ஓடிவந்தாள். “வார்டுல யாருமே இல்லம்மா, கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

“இது பில்லிங்கும்மா. அங்க போய்க் கேளுங்க” என்று நிமிராமலே சொன்னவள் ஜெபராணி.

‘மனைவி வந்து கூப்பிட்டார்’ என்று எழுதினாள். கட்டத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது.