ஏழால் வகுபடும் எண்

சாயங்கால வெயில் அடையாறு ஆஸ்பத்திரியின் ஜன்னல் கம்பிகளை வெள்ளைப் போர்வையின் மேல் நிழலாக நீட்டுகிறது. பஸ்ஸிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட குல்ஷன் அந்தப் போர்வைக்குள் கிடக்கிறாள். கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறவள். பெரிய டாக்டர் வரும்வரை தூங்கவிடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். தையற்காரரான கணவர் காதருக்கு வேறு பேச்சு எதுவும் தோன்றவில்லை. கணக்குக் கேட்கிறார். “ஒண்ணையே ஆறு தடவ வரிசையா எழுதினா வர்ற நம்பர், அது பகா எண்ணா?” அவள் உதடு காய்ந்திருக்கிறது. “இல்லீங்க. கூட்டுனா ஆறு வருது. மூணால போவும்.” “பதினொண்ணால?” “போவும்.” மின்விசிறி கிறீச்சிடுகிறது. இமைகள் தாழ்கின்றன. ஊசி குத்திக் காய்த்த விரலால் கன்னத்தைத் தட்டுகிறார். “ஏழால? சொல்லும்மா.” வெகுநேரம் கழித்து, “போவாது” என்கிறாள். காதரின் கை அப்படியே நின்றுவிடுகிறது. ஆறு இலக்கமும் ஒன்றேயானால் ஏழால் மீதியில்லாமல் வகுபடும் என்று வீட்டுக்கு வரும் மாணவிகளுக்கு அவள் சொல்வதை, தையல் மிஷினை மிதித்தபடியே வருஷக்கணக்காகக் கேட்டவர் அவர்.

“சிஸ்டர், இவ தப்பா சொல்றா.”

“பேசிக்கினு இருக்காங்கல்ல, அதுவே போதும்.”

“இல்ல சிஸ்டர். கணக்குல இவ தப்பு பண்ண மாட்டா.”

நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு குல்ஷனின் இமையைத் தூக்கி டார்ச் அடிக்கிறாள். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் அகலமாக விரிந்திருக்கிறது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. டாக்டரைத் தேடித் தாழ்வாரத்தில் நர்ஸின் செருப்புச் சத்தம் ஓடுகிறது. காதர் மனைவியின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொள்கிறார்.

“ஏழால போவும் குல்ஷன். போவும்னு சொல்லு.”