பேச வைக்கும் பெட்டி

"இது வேண்டாம் பாய். இதுவே எல்லாத்தையும் பேசிடுது. இவனைப் பேச வைக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றாள் அகிலா.

சாகிர் பாய் அந்த மஞ்சள் நிற விளையாட்டுக் கருவியை அணைத்து ஓரமாக வைத்தார். துபாய்க்குப் பக்கத்து ஊரான அஜ்மானில் அவருடைய பொம்மைக் கடைக்கு வரும் அம்மாக்கள் பெரும்பாலும் சத்தம் போடாத சாமான்தான் கேட்பார்கள்.

"பையனுக்கு என்ன வயசு தங்கச்சி?"

"நாலரை." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் பேச்சு வரல."

முகிலன் அவள் காலடியில் உட்கார்ந்து ஒரு லாரி பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தான். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. வழக்கமான உளறல்தான்.

"செவ்வாய்க்கிழமை ஸ்கூல்ல இன்டர்வியூ. போன வருஷம் பேரு கேட்டாங்க, வாயே திறக்கல. இந்தத் தடவையும் சீட் கிடைக்கலேன்னா ஊருக்கு அனுப்பிடலாம்னு இவன் அப்பா சொல்லிட்டார். அவர் அக்கா வீட்டுல விட்டுடலாமாம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வீட்டுல ஒரே பாஷையில பேசுங்க, சின்னச் சின்ன வார்த்தையாப் பேசுங்கன்னார். ஒரு வருஷமா இங்லீஷ்தான்."

அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஏதோ உறுத்தியது. துபாயில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுவதுதான் அவளுக்கு டியூட்டி. முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொல்லி, டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது தொண்டையில் மிச்சம் இருப்பது நாலைந்து வார்த்தைகள். மில்க். ஈட். ஷூஸ். ஸ்லீப். மகனுக்கு அவள் கொடுப்பது அதைத்தான்.

கணவன் மணிமாறனுக்கு ஜெபல் அலி கிடங்கில் நைட் ஷிஃப்ட். பகலில் அவன் தூங்க, முகிலன் பக்கத்து ஃபிளாட் குல்மீனாவிடம் இருப்பான். பிள்ளையைக் கூட்டி வரப்போனால் அவள் உடைந்த இந்தியில், "இவனா? வாயே ஓயாது இவனுக்கு" என்று சிரிப்பாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அகிலாவுக்குத் தெரியும். அந்தப் பொய்க்காகவே அவளை இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தது.

"அப்ப இதைப் பாருங்க." சாகிர் பாய் உள்ளங்கை அளவு நீலப் பெட்டி ஒன்றை எடுத்தார். "படம் வரும், பேரைச் சொல்லும். நாமளும் திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் கைதட்டி அடுத்த படத்துக்குப் போகும். சொல்லலேன்னா அப்படியே நின்னுரும்."

அகிலா மகனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பெட்டி 'மில்க்' என்றது.

"மில்க்" என்றாள் அவள்.

பெட்டி கைதட்டியது. முகிலன் லாரியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அடுத்து 'ஷூஸ்'. அவள் "ஷூஸ்" என்றாள். இந்த முறை பெட்டியோடு சேர்ந்து அவனும் கைதட்டினான். அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கண்களில் அப்படி ஒரு பெருமை; அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"பாய், பாருங்களேன், இவனுக்குப் பிடிச்சிருக்கு! இதையே குடுத்துடுங்க."

கடையின் பின்கதவு திறந்தது. சரக்கு இறக்கும் ஈசா கான், தலையில் அட்டைப் பெட்டியும் காதில் இடுக்கிய போனுமாக யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டே வந்தார். முகிலன் சட்டென்று எழுந்தான். அவள் பிடிப்பதற்குள் அவரிடம் ஓடிப்போய்க் குர்தாவைப் பிடித்து இழுத்தான்.

"முகில்! நோ! கம்!"

அவன் திரும்பவே இல்லை. அந்த மனிதரை அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னான். அவர் போனை அணைத்தார். அட்டைப் பெட்டியை இறக்கிவிட்டு, அவன் உயரத்துக்கு உட்கார்ந்து ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னான். நிறுத்தாமல், கையை ஆட்டி, நடுவில் ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடியும் சொன்னான்.

வீட்டில் கேட்கும் அதே உளறல். ஆனால் ஈசா அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாகிர் பாய் அவரிடம் அரபியில் விசாரித்துவிட்டு அகிலாவைப் பார்த்தார். "தங்கச்சி, பிள்ளையைப் பகல்ல யாரு பாத்துக்கிறா?"

"பக்கத்து வீட்டுல. குல்மீனான்னு. பெஷாவர்க்காரங்க."

"அதான். உங்க பையன் பஷ்தோ பேசுறான், இவரோட பாஷை. இவங்க ஊருப் பிள்ளைங்ககூட இவ்வளவு சுத்தமாப் பேசாதாம்."

அகிலா கண்ணாடி மேடையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செவ்வாய்க்கிழமை, ஊர், நாத்தனார் வீடு எல்லாம் ஒரு நொடியில் எங்கோ போய்விட்டன. தன் மகனின் முதல் வாக்கியத்தைக் கேட்கும் ஆசை மட்டும் மிஞ்சியது.

"என்ன சொல்றான் பாய்? அவர்கிட்ட என்ன சொன்னான்?"

ஈசா தயங்கித் தயங்கி ஏதோ சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சாகிர் பாய் நீலப் பெட்டியைத் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் கடத்தினார்.

"பரவாயில்ல, சொல்லுங்க பாய்."

"இந்தப் பெட்டியை அம்மாவுக்குக் குடுங்கன்னு சொல்றான். பாவம், அம்மாவுக்கு இன்னும் பேச்சு வரலையாம்."