கஸ்தூரிரங்கன் முகவரி

வந்தவனின் சட்டை முழுக்க ரத்தம். அவன் விட்ட அறையில் டெஸ்மண்டின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதி உடைந்தது.

"ஒக்கலிபுரம் சுனில் ஆஸ்பத்திரியில கெடக்கறான். வயித்துல மூணு குத்து. பாம்பே குரூப் ரத்தமாம், எவன்கிட்டயும் இருக்காதாம். யாரு குடுப்பாங்க, சொல்லுய்யா!"

பிரேசர் டவுனில் ஒற்றை அறையில் நடந்துவந்த ரத்த தானச் சங்கம் அது. தலைவர் டெஸ்மண்ட். ரத்தம் கொடுப்பவர்களின் அட்டைகளைப் போன வாரம்தான் பழைய பேப்பருக்குப் போட்டிருந்தார். இனி எல்லாம் கம்ப்யூட்டர் என்று அவருக்கு அப்படியொரு பெருமை.

அந்தப் புரோகிராமை எழுதியவள் நிருபமா. மூன்று மாத விஷுவல் பேசிக் வகுப்பு முடித்த கையோடு, சங்கத்துக்கு இலவசமாக எழுதிக் கொடுத்தது. 'தேடு' பட்டனை அழுத்தினாள். விண்டோ அப்படியே உறைந்து நின்றது.

"என்னாச்சு?"

"ஹேங் ஆயிடுச்சு சார்..."

வந்தவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து மேஜையில் முட்டினான். நெற்றி பிளந்து கீபோர்டில் ரத்தம் சொட்டியது. "அங்க ஒரு உசுரு இழுத்துக்கிட்டு இருக்கு, நீ ஹேங்குங்கறியா? பேகா சரி பண்ணு, சீக்கிரம்!" கத்தி அவள் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

மேஜையில் போன் அலறியது. டெஸ்மண்ட் கை நீட்டினார். அவன் போனை வயரோடு பிய்த்து அவர் மண்டையிலேயே அடித்தான். "போன் பேசற நேரமாய்யா இது?"

நிருபமாவுக்கு அவனைவிடத் தன் மேல்தான் ஆத்திரம். கூடப் பிறந்தவனோ கூட்டாளியோ, சாகக் கிடக்கும்போது யாருக்குத்தான் புத்தி நிதானத்தில் இருக்கும்?

கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். சுத்தக் கத்துக்குட்டித் தப்பு. ஒரு பெயரைப் பார்த்ததும் அடுத்த பெயருக்குப் போ என்று எழுதவே இல்லை. கம்ப்யூட்டர் பாவம், முதல் பெயரையே செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வரி சேர்த்தாள்.

பெயர் வந்தது. கஸ்தூரிரங்கன், பாம்பே குரூப். பெயரை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் முகவரியும் வந்தது.

"வேற யாரும் இல்லியா? நல்லாப் பாரு."

"இவர் ஒருத்தர்தான் சார்."

முகவரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அவன் படியில் பாய்ந்தான். டெஸ்மண்ட் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நிருபமா கவனித்தாள். பெட்டியைச் சிறிதாகப் போட்டிருந்ததால் முகவரியின் கடைசி வரி உள்ளே ஒளிந்திருந்தது. நகர்த்திப் பார்த்தால், 'பெண்கள் விடுதி'. கஸ்தூரிரங்கனுக்குப் பெண்கள் விடுதியில் என்ன வேலை?

இன்னொரு தப்பு. பெயர்களை அகர வரிசைக்கு மாற்றியவள், முகவரிகளைச் சங்கத்தில் சேர்ந்த வரிசையிலேயே விட்டுவிட்டாள். பெயர் ஒருவருடையது, முகவரி வேறொருவருடையது. விறுவிறுவென்று திருத்தினாள்.

"வேணாம்மா, தொலைஞ்சான்னு விடு. திரும்பி வந்தான்னா நம்மளக் கொன்னுடுவான்."

"தப்பான வீட்டுக்குப் போனான்னா ஆஸ்பத்திரியில ஒருத்தர் செத்துடுவாரு அங்கிள்!"

படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். "சார், நில்லுங்க! அது தப்பு. கஸ்தூரிரங்கன் வீடு மல்லேஸ்வரம், எட்டாவது கிராஸ், ராமர் கோயில் பக்கத்துல!"

திரும்பியவன் ஓங்கி ஒரு அறை விட்டான். உதடு கிழிந்து அப்படியே படியில் சாய்ந்தாள். வலியில் உயிர் போனது. ஆனாலும் சுனில் பிழைத்துக்கொள்வான் என்ற நினைப்பில் நெஞ்சு நிறைந்திருந்தது.

அவன் கீழே இறங்கிக்கொண்டே செல்போனைக் காதில் வைத்தான்.

"அண்ணா, ரத்தம் குடுக்க ஒரே ஒருத்தன்தான் இருக்கான், அவனையும் குத்திட்டா சுனில் தீர்ந்தான்!"