எர்த் வயர் முடிச்சு

வேனின் பின்கதவைத் திறப்பதற்கு முன் அந்த ஆள் தெருவின் இரண்டு முனைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பட்டப்பகலில், தண்டையார்பேட்டை மார்க்கெட் கூட்டத்துக்கு நடுவில் யாருக்குப் பயப்படுகிறார் என்று தாஹிராவுக்குப் புரியவில்லை.

“பாட்டு போட்டா சும்மா அதிரணும் பாய். ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு மாட்டி வுடு,” என்றார் அவள் கணவன் சுஹைபிடம்.

“இன்னா வாட்ஸ் சார்? இருநூறா, நானூறா?”

“எதுனா ஒண்ணு போடு.”

கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் செட் கடைக்கு வந்து இப்படிப் பேசுகிற ஆளை இந்த ஏழு வருஷத்தில் தாஹிரா கண்டதில்லை.

பேட்டரியிலிருந்து வயர் இழுக்க சுஹைப் முன்பக்கம் போனான். எர்த் கொடுப்பது எப்போதும் தாஹிராவின் வேலை. பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிகிற இடத்தில் வயரை முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பாட்டுக்குள் கொசு கத்தும்.

பின்சீட்டுக்கு அடியில் இருந்த கார்பெட்டை அவள் தூக்கினாள். வெளியே கருநீலமாக இருந்த வேன் அடியில் வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளைத் தகட்டில் மூன்று இடங்களில் பெயிண்ட் சுரண்டி, போல்ட் போட்டுக் கழற்றியிருந்தார்கள். மூன்றும் புதுசு, துருவே ஏறவில்லை. மூலையில் மட்டும் பழைய போல்ட் ஒன்று. எவனோ வெட்டிவிட்டுப் போன எர்த் வயரின் விரல் நீளத் துண்டு அதில் தொங்கியது.

அதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

வயர் முனையில் எல்லாரும் டேப் சுற்றுவார்கள். வெயிலில் பசை விட்டு நழுவுகிறது என்று தாஹிரா மட்டும் மீன் வலை பின்னுகிற நைலான் நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவாள். இந்தத் துண்டில் பாதி பச்சை நூல், பாதி சிவப்பு. செட் மாட்டிய அன்றைக்குப் பச்சை நூல் பாதியில் தீர்ந்துபோனபோது, “சிவப்புலயே முடிச்சிடு தாஹிரா, அதுவும் ஷோக்காத்தான் கீது” என்று சிரித்தவள் ராயபுரம் ஃப்ளோரா அக்கா.

வாரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, ஃப்ளோரா தானே ஓட்டிய வெள்ளை வேன். ஆறு மாதத்துக்கு முன் வீட்டு வாசலிலிருந்து காணாமல் போனது. இப்போது அவள் காசிமேட்டில் இறால் உரிக்கிறாள்; பத்து விரலும் புண்.

தாஹிரா நிமிர்ந்தாள். அந்த ஆள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, கை நின்னு போச்சி? முன்னயே பார்த்த வண்டியா?”

“இல்ல சார். ஸ்பேனர் சேரல, வேற எடுத்தாறேன்.”

“அப்டியா?” என்று அவர் இழுத்தது அவள் முதுகில் ஊர்ந்தது.

முன்பக்கம் போய் சுஹைபின் காதருகே குனிந்தாள். “ஏங்க, இது ஃப்ளோரா அக்கா வண்டி.”

“உனக்கு எப்டித் தெரியும்?”

“நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?”

“கம்முனு இரு. கத்தி கித்தி வெச்சிருப்பான். அப்பால போலீசு, கோர்ட்டுன்னு யாரு அலையறது? நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? மாட்டி வுட்டு அனுப்பிடலாம்.”

“இப்ப வுட்டா இந்த வண்டி திரும்ப வருமா?”

அவன் குனிந்து வயரை நோண்டினான்.

அதற்குள் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “ரொம்ப யோசிக்கிறீங்க. வேற கடை பாத்துக்கறேன்,” என்று அந்த ஆள் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினார்.

கீரைக்காரியிடம்கூடக் குரல் உயர்த்திப் பேரம் பேசாதவள் தாஹிரா. எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. வேனின் முன்னால் போய் இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“திருட்டு வண்டி! ஃப்ளோரா அக்கா வண்டி! புடிங்க, வுடாதீங்க!”

எதிர் பஞ்சர் கடை செல்வம் கையில் இருந்த டியூபோடு ஓடிவந்தான். அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். பொத்தான் தெறித்தது.

“யார்ரா கஸ்மாலம் நீ? இஸ்கூல் புள்ளைங்க போற வண்டியவா சுட்டே?”

கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த ஆள் திமிறவில்லை, ஓடப் பார்க்கவும் இல்லை. பேன்ட் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து செல்வத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் வல்லரசு, குற்றப்பிரிவு.

செல்வத்தின் கை சட்டையிலிருந்து தானாக நழுவியது. சுஹைப் கடைக்குள் பாதி, வெளியே பாதியாக நின்றான்.

“ஒரு கும்பல் கிட்ட புடிச்ச வண்டி. எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாத்தையும் தேச்சிட்டானுங்க. யாருதுன்னு சொல்ல இந்த நூலு ஒண்ணுதான் மிச்சம்,” என்றார் அவர், கசங்கிய சட்டையை நீவிக்கொண்டே. “காக்கியில வந்து கேட்டா எவன் வாயத் தொறக்கறான்?”

பிறகு தாஹிராவைப் பார்த்துச் சிரித்தார்.

“இந்த முடிச்ச யாருனா அடையாளம் காட்டுவாங்களான்னு மூணு கடையில மாட்டிக் கழட்டிட்டேன். இந்தச் சத்தத்துக்குத்தான் தாயி காத்துகினு இருந்தேன்.”